மதுரைச் செக்குகளில் நல்லெண்ணெய்: கூலிக்கு ஆட்டுவதா, பாட்டிலில் வாங்குவதா?

மதுரை பைபாஸ் ரோட்டில் தொடங்கித் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ‘மரச்செக்கு எண்ணெய்’ போர்டு கண்ணில் படும். போர்டில் மாடு சுற்றும்; உள்ளே மோட்டார் சுற்றும். அதில் ஒன்றும் குற்றமில்லை. படத்துக்குக் கீழே ‘ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது, ஃப்ரீ ராடிக்கல்களை ஒழிக்கும்’ என்று ஒரு வரி இருக்கும். எள்ளெண்ணெயைப் பொறுத்தவரை அந்த வரியிலும் பெரிய பொய் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சரக்கையே வாசலில் வெயில் படும்படி அடுக்கி, போர்டில் எழுதியிருப்பதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறார்கள்.

நல்லெண்ணெய் இங்கே மூன்று வழியில் கிடைக்கிறது. எள்ளை நாமே கொண்டுபோய்க் கூலி கொடுத்து ஆட்டி வாங்கலாம். செக்குக் கடையில் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பதை வாங்கலாம். மளிகைக் கடையில் கம்பெனி பாக்கெட் வாங்கலாம். கூலிக்கு ஆட்டுவதற்கே முதல் இடம். ஆனால் விவரம் தெரியாமல் போய் ஆட்டினால் பாக்கெட் எண்ணெயைவிட மோசமான சரக்கோடு வீடு திரும்பலாம். இரண்டாவது இடம், பலர் நினைப்பதற்கு மாறாக, கம்பெனி பாக்கெட்டுக்குத்தான். கண்ணாடி மாதிரி தெரியும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிற்கும் செக்கு எண்ணெய் கடைசி.

ஏன் இந்த வரிசை என்பதற்கு, எண்ணெய் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓலியிக் என்ற கொழுப்பு அமிலம், அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ லினோலியிக் அமிலம், 15 சதவீதம் போல நிறைகொழுப்பு. இதில் லினோலியிக்தான் பலவீனம். ஓலியிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஆக்ஸிஜனிடம் சிக்கும். சூடோ, வெளிச்சமோ, உலோகத் துணுக்கோ அதன் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட்டால், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் அந்த மிச்சம்தான் ஃப்ரீ ராடிக்கல். ஆக்ஸிஜன் உடனே அதில் ஒட்டிப் பெராக்ஸில் ராடிக்கல் ஆகும். அது பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்தது புது ராடிக்கல் ஆகும். கடன்காரன் அடுத்தவன் பையில் கைவிட, அவன் அதற்கடுத்தவன் பையில் கைவிடுவது போல இது நிற்காமல் ஓடும். இப்படிச் சேரும் ஹைட்ரோபெராக்ஸைடுகளுக்கு மணம் கிடையாது. அவை உடைந்து ஆல்டிஹைடுகளாகும்போதுதான் மூக்குக்குக் காறல் வாடை தெரியும். ஆக, வாடை வரும்போது சேதம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

எள்ளில் இந்த ஓட்டத்தை நிறுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். போர்டு சொல்லும் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ இவைதான். முதலாவது காமா டோகோஃபெரால், வைட்டமின் ‘ஈ’ குடும்பத்தைச் சேர்ந்தது. தன்னிடமுள்ள ஹைட்ரஜனைப் பெராக்ஸில் ராடிக்கலுக்குக் கொடுத்து அதை அடக்கிவிடும். கொடுத்த பிறகு இதுவும் ராடிக்கல்தான். ஆனால் ஜோடியில்லாத எலக்ட்ரான் அதன் மூலக்கூறிலுள்ள வளையம் முழுக்கப் பரவி நிற்பதால் அடுத்த கொழுப்பைத் தாக்கும் வேகம் அதற்கு இல்லை. இன்னொரு பெராக்ஸில் வந்தால் அதோடும் சேர்ந்து முடிந்துபோகும். ஒரு டோகோஃபெரால் மூலக்கூறு இப்படி இரண்டு ராடிக்கலைத் தீர்க்கும், அத்தோடு தானும் தீரும். இரண்டாவது, எள்ளுக்கே உரிய லிக்னான்கள் என்ற தாவரச் சேர்மங்கள்: செசமின், செசமோலின். இரண்டும் சேர்ந்தாலும் எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். செசமின் எண்ணெய்க்குள் நேரடியாக ராடிக்கலைப் பிடிப்பதில்லை. செசமோலினுக்குத்தான் அந்த வேலை: சூடு பட்டதும் அது உடைந்து செசமோல் வெளிவரும், செசமோல் நல்ல காவல்காரன். கடுகு தாளிக்க நல்லெண்ணெய் காயும்போதே இந்த வேலை தொடங்கிவிடுகிறது.

இவை ஒவ்வொன்றும் வேலை செய்யச் செய்யக் கரையும் சரக்கு. பாட்டிலில் வெயில் ஏறினால் எண்ணெயைக் காக்கவே செலவாகிவிடும். வாங்குபவருக்கு மிச்சம் குறையும். ஆகவே எள் ரகத்தைவிட, ஆட்டிய நாளிலிருந்து கடைக்காரர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதே பெரிய கேள்வி.

கூலிச் செக்குக்கு வருவோம். மரச் செக்கில் ஒரு தடவைக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் போடுவார்கள்; ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஓடும். பத்துக் கிலோவுக்குக் கீழே கொண்டுபோனால் பல இடங்களில் ஆட்ட மாட்டார்கள், அல்லது இன்னொருவர் எள்ளோடு சேர்த்து ஆட்டுவார்கள். சேர்க்கச் சம்மதிக்காதீர்கள், அவர் எள் எந்த வருடத்துச் சரக்கு என்று உங்களுக்குத் தெரியாது.

கீழ மாசி வீதியில் மொத்தக் கடையில் வாங்கினாலும் சம்சாரியிடம் (விவசாயியிடம்) நேராக வாங்கினாலும் எள்ளைச் சும்மா அப்படியே செக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. மாசிப்பட்டத்து எள் வைகாசி, ஆனியில் வரும். அதில் ஈரம் இருக்கும். சலித்து, கல் மண் பார்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். விதைக்குள் இருக்கும்போது எண்ணெய் பத்திரமாக இருப்பதால் இந்த வெயிலால் பாதகமில்லை. ஈரம் மிஞ்சினால் எண்ணெய் கலங்கலாக வரும், கொழுப்பு நீரால் உடைந்து புளிப்பு ஏறும், சட்டியில் நுரைத்துப் பொங்கும். அதற்காகப் பொரிகிற அளவுக்குக் காயவைத்தாலும் வம்பு: மாவு உலக்கையில் பிடிக்காமல் உதிரும், எண்ணெய் பிரியாது. அதைச் சரிசெய்யத்தான் ஆட்டுபவர் கையில் தண்ணீர் தெளிப்பதும் கருப்பட்டி போடுவதும்.

கருப்பட்டி பற்றி ஊரில் பல கதை. பத்துக் கிலோ எள்ளுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போடுவார்கள். முக்கால் கிலோ போதும். சர்க்கரை எண்ணெயில் கரையாது, ஆகவே கருப்பட்டியின் ‘சத்து’ எண்ணெயில் இறங்குகிறது என்பது சும்மா. அதன் பிசுக்கும் ஈரமும் சக்கையைக் கட்டியாக்கி எண்ணெயைப் பிரித்துவிடும். எள்ளின் லேசான கசப்பும் அடங்கும். போட்ட கருப்பட்டி பெரும்பாலும் புண்ணாக்கில்தான் தங்கும், எள்ளுப் புண்ணாக்கு தித்திப்பது அதனால்தான். ஒரு கிலோவுக்கு மேல் போட்டால் சக்கை உரலில் ஒட்டும், நுண்ணிய துகள் எண்ணெயோடு வந்து தாளிக்கும்போது கருகும்.

பலரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ‘இதுக்கு முன்னாடி என்ன ஆட்டினீங்க?’ மர உரலின் துளைகளில் முந்தைய எண்ணெய் ஊறி நிற்கும். காலையில் முதல் ஆட்டம் முந்தைய நாள் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்த மிச்சத்தில் ஏற்கெனவே ஹைட்ரோபெராக்ஸைடு சேர்ந்திருக்கும்; புது எண்ணெயில் அது சங்கிலியைத் தொடங்கி வைக்கும் விதை. கடலைக்கும் எள்ளுக்கும் ஒரே செக்கு என்றால் கலப்பும் உண்டு. எள்ளுக்குத் தனிச் செக்கு வைத்திருக்கும் இடமாகப் பார்த்து, இரண்டாவது அல்லது மூன்றாவது ஆட்டத்துக்குப் போவது உத்தமம். அதற்கும் பின்னால் போனால் செக்கு சூடேறிவிடும். வாகை மர உலக்கை என்று சொல்லிவிட்டு உரல் முழுக்க இரும்பாக இருக்கும் கடைகளும் உண்டு. கையை வைத்துப் பாருங்கள், இரும்பு சீக்கிரம் சுடும். மெதுவாகச் சுற்றும் மரச் செக்கில் எண்ணெய் கைபொறுக்கும் சூட்டில் வழியும். சுடச்சுட ஆவி பறந்தால் வேகம் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பத்துக் கிலோ எள்ளில் பாதி எண்ணெய். செக்கு அதில் 4 முதல் 4.5 கிலோ வரை எடுக்கும், லிட்டரில் 4.3 முதல் 4.9. இதற்கு வெகுவாகக் குறைந்தால் எள் பழசு, அல்லது ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. புண்ணாக்கை அழுத்திப் பார்த்து விரலில் எண்ணெய் வழிந்தால் இரண்டாவதுதான். புண்ணாக்கைக் கடையிலேயே விட்டுவிடுவது வழக்கம், அதன் விலை கூலியில் கழியும். எள்ளின் நீரில் கரையும் ஆன்டி ஆக்ஸிடன்ட்டுகளான ‘செசமினால்’ கிளைகோசைடுகள் எண்ணெய்க்கு வராமல் அந்தப் புண்ணாக்கோடு மாட்டுக்குப் போகின்றன. மாடு போர்டு எதுவும் வைப்பதில்லை.

கறுப்பு எள் என்றால் ஆன்டி ஆக்ஸிடன்ட் இரட்டிப்பு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். கறுப்பு நிறம் தோலில் இருக்கிறது, எண்ணெயில் இறங்குவதில்லை. லிக்னான் அளவு நிறத்தைவிட ரகத்தைப் பொறுத்தது. திண்டிவனத்து டி.எம்.வி. ரகங்களோ ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்த எஸ்.வி.பி.ஆர்.1 என்ற வெள்ளை எள்ளோ, புதுசாகவும் திரட்சியாகவும் இருந்தால் போதும்.

இனி, வீட்டில் செய்யும் தப்பு. ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவைப்பது பழைய வழக்கம். வழக்கத்தில் பாதி சரி. சூட்டில் எண்ணெய் இளகி மண்டி கீழே இறங்கும், மிச்ச ஈரம் ஆவியாகும். ஆனால் வெளிச்சம் வேறு விஷயம்: எண்ணெயிலுள்ள துளி பச்சையம் ஒளியை வாங்கி ஆக்ஸிஜனைச் சீண்டிவிடும், அப்படிச் சீண்டப்பட்ட ஆக்ஸிஜன் சங்கிலிக்காகக் காத்திருக்காமல் கொழுப்பில் நேராகப் பாயும். ஆகவே கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மொட்டை மாடியில் வைப்பது கூடாது. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வாயில் கெட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி ஒரு நாள் வெயில் காட்டினால் சூடு ஏறும், வெளிச்சம் ஏறாது, ஈரம் துணி வழியே போகும். பிறகு நிழலில் இரண்டு நாள். மேலாகத் தெளிந்ததை மட்டும் அசையாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். அடி மண்டியை அந்த வாரத்திலேயே புளிக்குழம்புக்குச் செலவழித்துவிடலாம். அது முதலில் கெடும்.

பாத்திரம்: எவர்சில்வர், அடர்நிறக் கண்ணாடி, பீங்கான் ஜாடி. ஈயம் தேய்ந்த பித்தளைத் தூக்கு வேண்டவே வேண்டாம். செம்பும் இரும்பும் ஹைட்ரோபெராக்ஸைடை உடைத்துப் புதுப்புது ராடிக்கல்களை அவிழ்த்துவிடும். மிகச் சிறு அளவே போதும். பெரிய கேனில் பாதி காலியானதும் மேலே நிற்கும் காற்றே எதிரி, சின்ன பாட்டில்களுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்புங்கள். பழைய எண்ணெய் அடியில் இருக்கும்போது அதன்மேல் புது எண்ணெயை ஊற்றக் கூடாது. ஒரு துண்டு வெல்லம் போட்டு வைத்தால் கெடாது என்பார்கள். அது கொஞ்சம் ஈரத்தை இழுக்குமே தவிர ராடிக்கலுக்கு முன் நிற்காது.

கடை பாட்டில் எண்ணெய்க்குப் பெரிய குறை இரண்டு. ஒன்று வெயிலும் பெட் பாட்டிலும். கண்ணாடியைவிட பெட் வழியே ஆக்ஸிஜன் அதிகம் ஊடுருவும், நிறமில்லாதது என்பதால் வெளிச்சமும் தடையில்லை. சித்திரை வெயிலில் வாசல் அலமாரியில் நிற்பதன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை: பத்து டிகிரி ஏறினால் ஆக்ஸிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆட்டிய தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இரண்டும் லேபிளில் இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ‘பேக் செய்த தேதி’ ஆட்டிய தேதி அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரியின் முன்வரிசையை விட்டு, உள்ளே இருட்டில் பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்.

இரண்டாவது குறை கலப்படம். இதற்கு ஆய்வகத்துக்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எள் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ 2,000. கருப்பட்டி முக்கால் கிலோ, கிலோ 300 வீதம் 225. கூலி கிலோவுக்கு 15 என்றால் 150. புண்ணாக்கு ஆறு கிலோவுக்கு 40 வீதம் 240 கழியும். மிச்சம் 2,135 ரூபாய்க்கு நான்கரை லிட்டர், லிட்டர் 474. அன்றைய எள் விலையைப் போட்டு நீங்களே பார்க்கலாம். நாளிதழில் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் நல்லெண்ணெய் 15 கிலோ டின் விலையும் வருகிறது. மொத்தமாக எள் வாங்கும் கடைக்குக் கொஞ்சம் குறையும், ஆனால் பாதியாகக் குறைய வழியே இல்லை. உங்கள் கணக்கு 474 சொல்லும்போது ஒருவர் ‘சுத்தமான மரச்செக்கு’ என்று 250-க்கு விற்றால், உள்ளே வேறு எண்ணெய்.

பாமாயில் சேர்த்திருந்தால் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் கலங்கும் அல்லது உறையும். நல்லெண்ணெய் இளகியபடியே இருக்கும். சூரியகாந்தி கலந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் சிவக்கும் பௌடோயின் சோதனை, எள்ளெண்ணெய் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். வேறு எதுவும் இல்லை என்று சொல்லாது. (நெய்யில் டால்டா கலப்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் 5 சதவீதம் எள்ளெண்ணெய் சேர்க்கச் சட்டமே இருந்தது இந்தச் சிவப்புக்காகத்தான்.)

ஆய்வகத்தில் கொடுத்தால், ஹைட்ரோபெராக்ஸைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பெராக்ஸைடு எண்ணைக் கேளுங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் கிலோவுக்கு 15 மில்லி ஈக்விவலன்ட், ரீஃபைண்டுக்கு 10 உச்சவரம்பு. எண் குறைவு என்பதை மட்டும் வைத்துப் புதுசு என்று நம்பாதீர்கள்: முற்றிக் கெட்ட எண்ணெயில் ஹைட்ரோபெராக்ஸைடு உடைந்துபோவதால் எண் மறுபடி இறங்கும். மூக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்தால் எள் மணம் வர வேண்டும். பழைய பெயின்ட், மெழுகு வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கம்பெனி பாக்கெட்டை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம், வெளிச்சம் புகாத உறையும் சரக்கு சீக்கிரம் நகர்வதும்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பெரிய பிராண்டுகள் வாரக்கணக்கில் அலமாரியில் தூங்குவதில்லை. சுத்திகரித்த நல்லெண்ணெயிலும் எல்லாம் போய்விடுவதில்லை: 200 டிகிரிக்கு மேல் நீராவி காட்டி வாடை நீக்கும் கட்டத்தில் டோகோஃபெரால் ஒரு பங்கு போகிறது, நிறம் நீக்கும் மண்ணில் செசமோலின் ‘செசமினால்’ என்ற சேர்மமாக மாறுகிறது, அதுவும் ஆன்டி ஆக்ஸிடன்ட்தான். மணம்தான் போச்சு. இட்லிப் பொடிக்கு மணம் இல்லாத நல்லெண்ணெய் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

போர்டில் இருக்கும் ‘புற்றுநோய் வராது’ ரகத்தை மட்டும் ஏற்க முடியாது. பாட்டிலில் ராடிக்கலைப் பிடிப்பது வேறு, உடம்பில் நோயைத் தடுப்பது வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் வெள்ளணுக்களே கிருமியைக் கொல்ல ராடிக்கல்களைத் தயாரிக்கின்றன, எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டுவது நோக்கமாக இருக்க முடியாது. ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் ‘ஓராக்’ மதிப்பு இவ்வளவு என்று எண் போட்டு விற்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. எள்ளுக்கென்று நியாயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: செசமின், உடம்பில் வைட்டமின் ‘ஈ’ சிதைவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் காமா டோகோஃபெரால் கூடுதலாகத் தங்குகிறது. அதற்காக ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி என்பது மாறாது.

சமையலில் இதைப் பொடிக்கும், தாளிப்புக்கும், புளிக்குழம்புக்கும் வையுங்கள். செக்கு நல்லெண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். வடை, பஜ்ஜி பொரிப்பதும் அதே சூட்டில்தான். திரும்பத் திரும்பப் பொரித்தால் டோகோஃபெராலும் செசமோலும் கரைந்துகொண்டே போகும். பொரிக்கக் கடலை எண்ணெய் இருக்கிறது, அதையும் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது: உணவகங்களுக்கு, எண்ணெய் சிதையச் சிதையச் சேரும் மொத்தத் துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் பத்துக் கிலோ எள் நான்கு மாதத்துக்கு வரும். இருபது கிலோவாக ஆட்டிக் கூலியில் லாபம் பார்க்க நினைப்பவர்கள் மிச்ச எள்ளைக் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டு, நான்கு மாதம் கழித்து மறுபடி செக்குக்குப் போவது மேல்.